புள்ளி வரி

"பேங்க்குல இருக்கியள்ல, கணக்கு வரும்"
என்று நோட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.
நாற்பத்திரண்டு புள்ளி. புள்ளிக்கு ஆயிரத்து ஐந்நூறு.
ஸ்கூட்டர் டிக்கியில்
சோலையின் கராத்தே பெல்ட், கால் கிலோ உளுந்து,
ஜோடி தெரியாத ஒரு சாக்ஸ்,
அதற்கடியில் கோயில்.

ரயில்வே கேட் மூடுகிற ஆறு நிமிடம்தான்
பகலில் எனக்கென்று உள்ளது.
ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகி
ஈப்போவுக்கு ஒரு நினைவூட்டல், அண்ணாநகருக்கு ஒன்று.
ஓசூரிலிருந்து வயிரவன் கூப்பிடுகிறார்:
"உமையாளுக்குக் காய்ச்சல் விட்டுருச்சா?"
விட்டுவிட்டது, நேற்றே. சொல்லத்தான் நேரமில்லை.

நகைக்கடன் கவுன்டரில்
யாரோ ஒருத்தியின் வளையலை எடைபோடும்போது
பள்ளி வேன் பஞ்சர் என்று செய்தி.
இங்கே காரைக்குடியில் நான்; பிள்ளைகள் பள்ளத்தூரில்.
கடைசியாய் அழைத்த எண்ணையே மறுபடி அழுத்தினேன்.
முத்துக்கருப்பண்ணன்.
மூன்று வருட பாக்கி.
கதவைப் பாதி திறந்து
"அடுத்த மாசம் ஆத்தா" என்கிறவர்.

ஏழு மணிக்குப் போனேன்.
கதவு முழுசாகத் திறந்திருந்தது.
வளவெல்லாம் இருட்டு, ஓர் அறையில் மட்டும் விளக்கு.
சோலை வீட்டுப்பாடம் எழுத, உமையாள்
அவர் செருப்பை மாட்டிக்கொண்டு
நடந்து பழகிக்கொண்டிருந்தாள்.
"உப்புமாதான் குடுத்தேன். கோவிச்சுக்காதிய."
அவர் கண் என் கைப்பைக்குப் போய்த் திரும்பியது.
நோட்டை டிக்கியிலேயே விட்டு வந்திருந்தேன்.

பதினோரு மணிக்கு, பாத்திரம் கவிழ்த்தபின்
கூட்டிப் பார்த்தால் நாற்பது டிக்.
காலியாய் இரண்டு கட்டம்.
ஒன்று அவருடையது.
இன்னொன்று எங்களுடையது.

ஸ்கூல் ஃபீஸுக்கு நாளை கடைசித் தேதி.
பென்சிலை நக்கி
இரண்டிலும் எழுதினேன்:
அடுத்த மாசம்.