கணக்கில் வராத அரைப்பிடி

குத்தூசியை மூட்டையில் செருகி உருவினால்
உள்ளங்கையில் வழிவது ஒரு பிடி.
ஈரப்பதமானி தின்பது அதில் பாதி.
மீதியை எந்த விவசாயியும் திருப்பிக் கேட்டதில்லை,
எந்தப் பதிவேட்டிலும் அதற்குப் பத்தி இல்லை.
கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர் வேலை,
பருவகாலம் மட்டும்.
சாயங்காலம் சட்டைப்பை கனக்க
வலங்கைமானுக்கு வண்டியை விடுவேன்.

வாடகை வீடு. கொல்லையில் ஒற்றை முருங்கை,
முன்னால் குடியிருந்தவர்கள் விட்டுப்போன மருதாணிப் புதர்,
ஒரு துவைகல்.
கல்லின் மேல் நெல்லை இறைத்தேன்.
அணில் வந்தது.
மறுநாளும் அணில்.
மூன்றாம் நாள் அது மச்சினனையும் கூட்டி வந்தது.

வாளி கழுவிய தண்ணீர் கல்லடியில் தேங்கிய ஒரு மதியம்
சின்னான் ஒன்று இறங்கி
கொண்டை நனையக் குளித்துவிட்டுப் போனது.
சரிதானே.
வந்தவருக்கு முதலில் சொம்பு, பிறகுதானே இலை.

கும்பகோணத்தில் ஒரு மண்தட்டு வாங்கினேன்.
இரண்டு விரற்கடை ஆழம் போதும்,
அதற்கு மேல் போனால் சிட்டுக்கு அது மேட்டூர்.
நடுவில் ஒரு கூழாங்கல், நிற்பதற்கு.
தினம் தேங்காய்நார் போட்டுத் தேய்க்க வேண்டும்.
தேய்க்காமல் விட்ட ஒரு வாரத்தின் முடிவில்
கண்ணோரம் கொப்புளத்தோடு ஒரு புறா வந்து நின்றது.
என்ன செய்வதென்று தெரியாமல்
பார்த்துக்கொண்டே இருந்தேன். அதுவும் என்னை.

தவிட்டுக்குருவிகள் ஏழாய்த்தான் திரியும் என்பார்கள்;
எங்கள் கொல்லைக்கு ஆறு. சத்தத்துக்குப் பதினாறு.
சில்லைகள் உமியைத் தட்டின் விளிம்பிலேயே
உரித்து வைத்துவிட்டுப் போகும்,
எந்த மில்லிலும் அப்படி ஓர் அரவை கிடையாது.
மைனாக்களுக்கு என் சோற்றில் ஒரு கை, உப்பில்லாமல்.
தேன்சிட்டு தட்டை எட்டிக்கூடப் பார்க்காது,
முருங்கைப் பூவோடு சரி.
மரத்தை வெட்டச் சொன்ன வீட்டுக்காரரிடம்
கம்பளிப்பூச்சியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.
செம்போத்து பார்த்துக்கொண்டது.

மதிலுக்கு அந்தப் பக்கம் மெகருன்னிசா.
"சார், சாப்பாடு உங்க வீட்டுல,
கை கழுவுறது எங்க வீட்டு வெள்ளைச் சட்டையிலயா?"
நியாயம்தான்.
மருதாணியை ஒட்டியிருந்த தட்டை
கொல்லையின் நடுவே வெட்டவெளிக்கு நகர்த்தினேன்.

ஐப்பசி. குறுவை நனைந்துகொண்டிருந்தது.
அரித்துவாரமங்கலம் பூங்காவனம் கொண்டுவந்த நெல்
இருபத்தொன்று புள்ளி நாலு காட்டியது.
"மானியைத் தட்டிட்டு இன்னொரு தடவை பாருங்க சார்."
தட்டினேன். இருபத்தொன்று புள்ளி ஆறு.
அவர் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு
சாலையோரத்தில் உட்கார்ந்தார்.
அவருடைய அரைப்பிடி என் பையில் இருந்தது.
வீட்டில் கொட்டிப் பார்த்தபோது
இரண்டு மணிகளில் வெள்ளையாய் முளை.

சில்லைகள் இறங்கின.
முருங்கையிலிருந்து ஒரு சாம்பல் கோடு.
புதருக்குப் பறந்தவற்றில் ஒன்றுக்கு
எட்டடி மிச்சம் இருந்தது.
வல்லூறுக்கும் பசிதான், தெரியும்.
அந்த எட்டடியை வைத்தவன் நான்.

விடிந்ததும் தட்டைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனேன்.
பூனை பதுங்காதபடி
மருதாணியின் அடிக்கிளைகளை மட்டும் கழித்தேன்.
நிமிர்ந்தால்
மதிலோரத்துத் துணிக்கொடியைக் காணோம்.
மெகருன்னிசா அதை அவிழ்த்து
வீட்டின் மறுபக்கம் கட்டிக்கொண்டிருந்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

ஆறாம் நாள் வெயில். பதினாறு புள்ளி எட்டு.
பூங்காவனத்தின் மூட்டைகள் தராசு ஏறின.
மிஞ்சிய அரைப்பிடியை அவரிடமே நீட்டினேன்.
ஒரு மாதிரியாகப் பார்த்தார்.
வாங்கி, திரும்பி, களத்து மூலையில் வீசினார்.
நாலு புறாக்கள் ஓடிவந்தன.
அந்த மூலையில் அவை இருந்ததை
மூன்று பருவமாக நான் கவனித்ததேயில்லை.

வெறும் பையோடு வீடு வந்தேன்.
தண்ணீரை மட்டும் மாற்றினேன்.