காரணம் என்ற கட்டம்

முதல் கட்டியைக் கண்டுபிடித்தது என் விரல்.
கண் அல்ல.
பதினோரு வருசமாய் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள்.
துணியில் நூல்முடிச்சு எங்கே நிற்கிறதென்று
பக்கத்து டேபிளோடு பேசிக்கொண்டே
கை சொல்லிவிடும்.

அன்றைக்கு ஞாயிறு.
ஊத்துக்குளிக்கு மேற்கே எங்கள் கொறங்காட்டில்
கிளுவை வேலியோரம் உட்கார்ந்து
குட்டியின் காலில் ஒட்டுப்புல் பொறுக்கினேன்.
இடது முன்னங்கால், முட்டிக்குக் கீழே, உள்புறம்,
புளியங்கொட்டை அளவில் ஒன்று.
அமுக்கினேன், நகரவில்லை.
குதிரையும் நகரவில்லை.
கொழுக்கட்டைப் புல்லை மென்றபடி
என் தலைமயிரை மோந்தது.

"ஏனுங்க, வாங்கறப்பவே இருந்துதுங்களா?"
அந்தியூர்ச் சந்தையில் நாலு காலிலும்
சலங்கை கட்டி நிறுத்தியிருந்தார்களாம்.
சென்னியப்பன் பல்லைப் பார்த்தார்,
பால்பல், ஒன்றரை வயசு என்றார்,
ராக்கெட்டு என்று பேரும் வைத்தார்.
சலங்கையை விலக்கிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் நாலாகிவிட்டது.

காரணம் சொல்ல ஆளுக்கா பஞ்சம்?
சோளத்தட்டுச் சூடு என்றார் பால் சொசைட்டிக்காரர்.
சாயத்தண்ணி என்றாள் தெய்வாத்தாள்;
அவள் மருமகனின் கோபத்துக்கும்
அவள் அதையேதான் சொல்லுவாள்.
உண்ணி. கண்ணு. கழிப்புக் கழித்த முச்சந்தி.
கம்பி காய்ச்சி இழுத்துட்டா அமுங்கிரும் என்று
ஒருவர் கம்பியோடேயே வந்தார்.
படலைச் சாத்திவிட்டேன்.
ரேக்ளா ஓட்டுகிற பையன் மட்டும் கேட்டான்:
"முத்தாத எலும்பு. ஓட்டுனீங்களாண்ணா?"
சென்னியப்பன் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அன்று ராத்திரி, விளக்கணைத்த பிறகு:
"ரெண்டே வாட்டி புள்ள.
தார் ரோட்டுல, செங்கப்பள்ளி வரைக்கும்.
லாரிக்காரன் ஆரன் அடிச்சான்,
அது பறந்துச்சு பாரு..."
பறந்ததைச் சொல்லும்போது குரலில் இருந்த சந்தோசத்தை
அவரே கேட்டிருக்க வேண்டும்.
திரும்பிப் படுத்துக்கொண்டார்.

டாக்டர் ஷர்மிளா ஸ்கூட்டரில் வந்தார்.
காலைத் தூக்கினார், மடக்கினார், நடக்கவிட்டார்.
சூடில்லை. வலியில்லை. நொண்டல் இல்லை.
"ரெண்டு எலும்போட இருக்குதுங்க, ரெண்டு தோலோட இருக்குது.
ஒரே காரணமா இருக்காது."
தோல்கட்டியில் ஊசி குத்தி எடுத்தது நாமக்கல் போனது,
பதினேழு நாள் கழித்து
'உறுதியாகச் சொல்ல இயலவில்லை' என்று திரும்பியது.
"தெரியலைங்க" என்றார் டாக்டர்.
ஒரு டாக்டர் அப்படிச் சொல்லி
நான் கேட்டது அதுதான் முதல்தடவை.
அவரை நம்ப ஆரம்பித்ததும் அந்த நிமிசத்தில்தான்.
"ஓட்டாதீங்க. அமுக்காதீங்க. அளந்து எழுதி வைங்க."

கம்பெனியில் இது சுலபம்.
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளினால் செகண்ட்ஸ்,
கிலோக் கணக்கில் காதர்பேட்டை.
ஒருநாள் என் சேலையோடு வந்த அம்பு ஒன்று
குட்டியின் முழங்காலில் ஒட்டிக்கொண்டு
சரியாகக் கட்டியைக் காட்டியது.
வெடுக்கென்று பிய்த்தேன்,
அதற்குப் படிக்கத் தெரியும் என்பதுபோல்.

இப்போது பொழுதோட ஷிப்ட் முடிந்து வந்ததும்
இஞ்ச் டேப்போடு கட்டுத்தரைக்குப் போகிறேன்.
கம்பெனியில் வீணான ரிப்போர்ட் தாளின் முதுகில்
தேதி, கால், அளவு, காரணம் என்று கோடு போட்டிருக்கிறேன்.
முதல் மூன்றும் நிரம்புகின்றன.
ஒன்று சுருங்கிக் கடுகாகியிருக்கிறது.
இரண்டு அப்படியே.
நாலாவது, சொல்லப் பிடிக்கவில்லை, கொஞ்சம் கூடியிருக்கிறது.
நான் குந்துவதற்குள்
காலைத் தானே நீட்டப் பழகிவிட்டது.
சென்னியப்பன் டார்ச் பிடிக்கிறார்,
எண்ணைச் சத்தமாகத் திரும்பச் சொல்கிறார்,
வண்டிச்சக்கரம் கழற்றிச் சுவரில் சாத்தியிருக்கிறது.

நேற்று தாளைக் குதிர்மேல் வைத்துவிட்டு
தண்ணி காட்டத் திரும்பினேன்.
வந்து பார்த்தால் வலதோரம் முழுக்க இல்லை.
மேலிருந்து கீழ்வரை, நாற்பத்தோரு நாள் வெற்றுக் கட்டங்களை
மென்றுகொண்டு நிற்கிறது ராக்கெட்டு.

இன்றைக்குப் புதுத்தாள்.
மூன்று கட்டமா, நாலா என்று
கோட்டுக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரமாய் உட்கார்ந்திருக்கிறேன்.