பதினொரு மணி நேரம்

இரவு ஏழு முதல் காலை ஆறு வரை.
ரசீதுப் புத்தகத்தில் இதற்கு ஒரே ஒரு வரிதான்.

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி இறுகி, கப்பல் எதுவும் வராத மாதம்.
எங்கள் தெருவில் விடியும்வரை எரிவது
என் வாசல் விளக்கு மட்டும்.
இரவு வேலைக்குப் போகிறவர்கள்
பிள்ளைகளை விட்டுப்போகும் வீடு இது.

நெல்ஸுக்கு ஆறு வயது.
பிரிட்டா மருத்துவமனையில் இரவுத் தாதி.
வெண்டெல் நகராட்சியில் பனி வாரும் லாரி ஓட்டுகிறான்,
பெரும்பாலும் பகலில்.
திங்கள், செவ்வாய் அவளுடையவை.
புதன், வியாழன் அவனுடையவை.
மற்றவை மாறி மாறி.
நீதிமன்றத் தாளில் எல்லாம் இருக்கிறது:
பல் மருத்துவர், ஹாக்கி மட்டை, கோடை முகாம்,
யாருக்கு எத்தனை விழுக்காடு என்று.
இரவுக் காப்பகம் பற்றி ஒரு சொல் இல்லை.
எழுதினவர்கள் இரவில் தூங்குகிறவர்கள் போலும்.

அந்த வியாழன் அவன் முறை.
நான்கு மணிக்குப் பனிப்புயல் எச்சரிக்கை வந்தது,
ஐந்துக்கு அவனை லாரிக்குக் கூப்பிட்டார்கள்.
அவளுக்கும் அன்று பணி.
பையனை என் வாசலில் இறக்கிவிட்டபோது
வெண்டெல் எஞ்சினை அணைக்கவில்லை.

அப்புறம் தொலைபேசி.
"என் முறைதான், இல்லை என்கவில்லை.
புயலை நானா வரவழைத்தேன்?
அவள் விடுப்பு எடுத்திருக்கலாம். பாதி தரட்டும்."
"என் இரவுகளுக்கு நான் முழுசாகத் தருகிறேனே,
அவன் இரவுக்கும் நானா?"
கடைசியில் அவன், குரலைத் தாழ்த்தி:
"ஆர்லிஸ், பையன் தூங்கிக்கொண்டுதானே இருந்தான்?
தூக்கத்துக்குமா காசு?"

நியாயமான கேள்வி.
எட்டரைக்குப் பல் துலக்கல், ஆடுகிற பல்லில் படாமல்.
பன்னிரண்டுக்கு எட்டிப் பார்த்தேன். போர்வை தரையில்.
மூன்று பத்துக்குத்
தெருவில் பனி வாரும் லாரி ஒன்று போனது.
மஞ்சள் வெளிச்சம் சுவரைச் சுற்றி ஓட,
பையன் எழுந்து ஜன்னலுக்கு ஓடினான்.
கண்ணாடியில் மூச்சு படிந்தது.
துடைத்தான்.
மறுபடி படிந்தது.
"அப்பாவா?"
தெரியவில்லை என்றேன்.
இந்த ஊரில் எத்தனையோ லாரிகள்.
அது முனை திரும்பி மறைந்த பிறகு கேட்டான்:
"இன்றைக்கு யார் இரவு?"

உன்னுடையது என்று சொல்லியிருக்கலாம்.
இப்போதுதான் தோன்றுகிறது.
அப்போது சொன்னது:
"வந்து படு, கால் சில்லிட்டுப் போகும்."
நான்கு மணி வரை அந்தக் கால்கள் என் மடியில் இருந்தன.
அதற்கு மணிக்கு எவ்வளவு போடுவதென்று தெரியாமல்
எப்போதும்போல் தொண்ணூறு டாலர் எழுதினேன்.
நாற்பத்தைந்து, நாற்பத்தைந்தாக
இரண்டு ரசீது கிழித்தேன்.

இரண்டு வாரம் யாரும் அசையவில்லை.
ஒரு செவ்வாய் மாலை பிரிட்டா
காசோலையை நான்காக மடித்துக் கொடுத்தாள்.
தொண்ணூறு.
"முழுசும் எடுத்துக்கொள்ளுங்கள். அவனிடம் சொல்ல வேண்டாம்."
மறுநாள் வாசலில் லாரி உறுமி நின்றது.
வெண்டெல் கையுறையைக் கழற்றாமலே
நோட்டுகளைத் தடுமாறித் தடுமாறி எண்ணினான்.
தொண்ணூறு.
"என் இரவு அது. அவளிடம் கேட்காதீர்கள்."
நான் வாயைத் திறப்பதற்குள் போய்விட்டான்.

யாரிடம் திருப்பித் தந்தாலும்
அந்த இரவு உன்னுடையதில்லை என்று
முகத்துக்கு நேரே சொன்னதாகும்.
மிகுந்ததை உறையில் போட்டு
மாவு டப்பாவுக்குப் பின்னால் செருகினேன்.

நெல்ஸின் பனிக்காலணிக்குள்
பெருவிரல் மடங்கிக் கிடந்தது.
காலணியும் தாளில் இல்லை.
அதற்கான சண்டை இன்னும் வந்து சேரவில்லை.
சனிக்கிழமை கடைக்குப் போனேன்.
ஒரு அளவு பெரியது, சிவப்பு, உள்ளே கம்பளி.
அறுபத்திரண்டு டாலர்.

பிரிட்டா கேட்டாள்: "அவன் வாங்கித் தந்ததா?"
வெண்டெல் கேட்டான்: "அவள் வாங்கினாளா?"
இருவரிடமும் ஆமாம் என்றேன்.

உறையில் மிச்சம் இருபத்தெட்டு.
வானொலியில் மறுபடி புயல் என்கிறார்கள்,
புதன்கிழமை, பின்மாலையில்.