பதினொரு புள்ளி

ஆம்ப்ளிபயரின் முதுகில்
இடதுக்கு ஒரு துளை, வலதுக்கு ஒரு துளை.
மூன்றாவது இல்லை.
காரைக்குடி போய்வந்தேன்:
பத்து கிலோ ஓம் இரண்டு,
புள்ளி மூணு மூணு கெப்பாசிட்டர் ஒன்று,
சில்லறைக்குப் பதில் நிசார் தந்த இஞ்சி மிட்டாய்.

இடதையும் வலதையும்
ஒரே முனையில் பற்றவைத்தேன்.
ஈயப்புகை கண்ணைக் கரித்தது.
முதலில் வந்தது வெறும் உறுமல்;
கிரவுண்டை மறந்திருக்கிறேன்.
மறுபடி சால்டரிங், மறுபடி புகை.

அப்புறம் தவில் வந்தது.
வலந்தலை வடிகட்டியில் நின்றுவிட
தொப்பி மட்டும்,
காதுக்கு அல்ல, குதிகாலுக்கு.
பெட்டி
ஆத்தங்குடிக் கல்லில் வழுக்கி
அரை விரற்கடை நகர்ந்திருந்தது.

பள்ளத்தூரில் இந்த வீட்டுக்குப் பதினொரு புள்ளி.
எங்கள் பங்கு ஒன்றரை அறை.
நாதஸ்வரம் அந்த எல்லையோடு சரி.
இது கேட்கவில்லை.
ஈப்போ சித்தப்பாவின் பூட்டிய அறைக்குள்
ஏதோ ஒரு எவர்சில்வர் மூடி
தாளம் பிசகாமல் கிணுகிணுத்தது.

காலையில் செகப்பி ஆச்சி
சாவிக்கொத்தோடு நின்றார்.
"அவுக அறையை யாரு தொறந்தா?"
யாருமில்லை என்றேன்.
பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு
என் ஜன்னலையும் பார்த்தார்.

குமிழைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பினேன்.
ராத்திரி
ஒரு கோடு மட்டும் கூட்டினேன்.