மூன்றாம் பூ

நாஞ்சில் நாட்டில் பூ என்றால் முதலில் நெல்.
கன்னிப்பூ அறுத்துக் கும்பப்பூ நடுவார்கள்,
யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை.
அடுத்த பூ பிச்சி. தோவாளையில்
விடிவதற்குள் விலைபோய்விடும்.
மூன்றாவதாக ஒரு பூ என்று நான் சொன்னபோது
கூட்டுறவு வங்கிச் செயலாளர் பேனாவை மூடினார்.

"வாசம் உண்டா?"
இல்லை.
"தொடுக்கலாமா?"
காம்பு தாங்காது.
"எந்தச் சாமிக்கு?"
எந்தச் சாமியும் இன்னும் கேட்கவில்லை.
"பிறகு என்னதான் உண்டு?"
முகம் உண்டு என்றேன்.
விண்ணப்பத்தில் முகத்துக்குக் கட்டம் இல்லை.

பெயர் பேன்சி.
பலகை எழுதிய பையன் வளையல் படம் போட்டுக் கொண்டுவந்தான்.
இன்றும் செண்பகராமன்புதூர் ரோட்டில்
பைக்கை நிறுத்தி ஹேர்பின் கேட்கிறார்கள்.

விதை எள்ளில் பாதி.
அதற்கு இருட்டு வேண்டும், இருபது டிகிரி வேண்டும்.
புரட்டாசியிலும் எங்கள் ராத்திரி
இருபத்தைந்துக்குக் கீழே இறங்காது.
வீட்டில் ஒரே ஏசி, படுக்கையறையில்.
கட்டிலைச் சுவரில் சாய்த்துத் தட்டுகளை அடுக்கினோம்,
ஒவ்வொன்றிலும் தொண்ணூற்றெட்டுக் குழி,
மேலே கறுப்புத் தாள்.
பன்னிரண்டு நாள் விதை குளிர்ந்து உறங்கியது.
நானும் ஜஸ்டஸும் மொட்டைமாடியில்
கொசுவத்திக்கு இருபுறமும்,
மழை வந்தால் படிக்கட்டில்.
"கல்யாணமான புதுசில்கூட
இந்த ஏசி இப்படி ஓடியதில்லை" என்றார்.

பசுமைக்குடில் என்பது அரசாங்கம் வைத்த பெயர்.
ஆரல்வாய்மொழிக் காற்று அதைப் பட்டம் என்று நினைக்கிறது.
போன ஆடியில் மேல்தாளை உரித்து
நாலு வயல் தாண்டிப் பிச்சித் தோட்டத்தில் போர்த்தியது.
மடித்துத் திருப்பித் தர வந்த உச்சிமாகாளி
அன்றிலிருந்து இங்கே வேலை செய்கிறாள்.
எதிரே மலையடியில் அத்தனை காற்றாலையும்
சுற்றுகிற மத்தியானம் பார்த்து
எங்கள் கொட்டகையில் கரண்ட் இருக்காது.
விசிறி நிற்கும், ஈரப்பாய் காயும்.
இரண்டு பேரும் பூவாளியோடு ஓடுவோம்.

கார்த்திகை கடைசியில் முதல் பூ.
மஞ்சள் முகம், கறுப்பு மீசை, கொஞ்சம் முறைப்பு.
மறுநாள் நாற்பது. அதற்கு மறுநாள் எண்ணவில்லை.
கதவைத் திறந்தால்
சோறு தாமதமான கல்யாணப் பந்தி மாதிரி
எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்.
உச்சிமாகாளி வரிசைக்கு வரிசை ஆள் கண்டுபிடித்தாள்:
இவன் டெப்போ கண்டக்டர்,
இவள் ரேஷன் கடைக்காரி,
ஊதா உதட்டுக்காரன் அவளுடைய கொழுந்தன்.
கிள்ளுகிற நாளில் கொழுந்தனிலிருந்துதான் தொடங்குவாள்.

கிறிஸ்துமஸ் குடிலுக்கு இருநூறு தொட்டி கேட்ட
கோவளத்து ஹோட்டல்
இருபத்திரண்டாம் தேதி போனை எடுக்கவில்லை.
தோவாளைக்கு ஏற்றினேன்.
மண்டியில் தாணுமாலயன்
பத்துப் பூ கிள்ளித் தராசில் வைத்தார்.
சைபர்.
இருபது.
சைபர்.
விரலால் தட்டை லேசாக அமுக்கி
"இப்போ நானூறு கிராம், எழுதிக்கோ" என்று சிரித்தார்.
டீ வாங்கித் தந்தார்.

டீ ஆறுமுன் வடசேரியிலிருந்து மேபல்ரோஸ் பேசினாள்.
கேக்கில் வைக்கப் பூ உண்டா,
மருந்தடிக்காதது, சாப்பிடுகிற பூ?
அசுவினியை நாங்கள் விரலால் நசுக்கியதற்கு
அன்றைக்குத்தான் ஒரு பெயர் கிடைத்தது, ஆர்கானிக்.
பூ ஒன்று நாலு ரூபாய். எடை கிடையாது, எண்ணிக்கை.
நாகர்கோவிலில் ஒரு ஞானஸ்நான கேக்கில்
கொழுந்தன் கழுத்துவரை கிரீமில் நின்றான்.
உச்சிமாகாளி அந்த போட்டோவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மாசி வெயிலில் எல்லா முகமும் வெளுத்தது.
பங்குனியில் பிடுங்கினோம்.
கரண்ட் பில், தாள், தென்னைநார்த் தூள், வட்டி போகக்
கையில் நின்றது இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது.

செயலாளர் பார்வையிட வந்தார்.
காலித் தொட்டிகளை எண்ணினார்.
"முகம் எங்கே?"
தின்றுவிட்டார்கள் என்றேன்.
எழுதிக்கொண்டார்.

நேற்று கூரியர் வந்தது,
உள்ளங்கையில் அடங்குகிற உறை.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஜஸ்டஸ் பார்த்தார். பாயைச் சுருட்டி,
கொசுவத்தியை அதன் நடுவில் செருகிக்கொண்டு
மாடிப்படி ஏறினார்.