ஐந்தாம் எண் சாலை

வந்தா விமான நிலையத்துச் சரக்கு வாசலில்
இரவு பதினொன்று நாற்பதுக்குக் கையெழுத்துப் போட்டேன்.
அட்டைப் பெட்டி, அதனுள் ஈயக் குடுவை,
மஞ்சள் சீட்டில் மூன்று இதழ்க் கறுப்புப் பூ.
குடுவைக்குள் விரற்கடை உயரத்துக்கு
நிறமில்லாத தண்ணீர் மாதிரி லுட்டீசியம்.
குவோப்பியோவில் யாரோ ஒருவருக்கு,
நாளைக் காலை ஒன்பது மணிக்கு.

மீன் ஏற்றிய வருஷங்களில்
சரக்கு நாறிவிடுமோ என்று பயந்திருக்கிறேன்.
இது நாறாது. குறையும்.
ஆறரை நாளில் பாதி,
அடுத்த ஆறரை நாளில் அந்தப் பாதியில் பாதி.
நான் கியர் மாற்றும்போது குறைகிறது,
கண்ணாடியில் பனி துடைக்கும்போது குறைகிறது.
ஹெய்னோலாவில் காப்பிக்கு நின்றால்
காப்பிக்கும் சேர்த்துக் குறையும்.
நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியின் இயற்பியல்காரி ஆர்மி கெட்டுனென்
ஞாயிறுதோறும் ஏரிப் பனியில் துளை போட்டு மீன் பிடிப்பவள்.
ஒருமுறை கேட்டேன், இது உள்ளே போய் என்ன செய்யும் என்று.
தூண்டில்தான், என்றாள்.
புராஸ்டேட்டிலிருந்து கிளம்பி எலும்பில் குடியேறிய செல்கள்
இந்த இரையை விடாமல் கவ்வும்.
கவ்வியதும் கொக்கியே எரியும்.
எவ்வளவு தூரம் எரியும்?
அரிசி மணி நீளம்கூட இல்லை, என்றாள்
கட்டைவிரல் நகத்தைக் காட்டி.
எல்லா மீனும் கவ்வுமா?
அவள் பதில் சொல்லாமல்
என் ரசீதில் முத்திரை குத்தினாள்.

எனக்கும் உண்டு. நுரையீரலில்.
எத்தனை வருஷம் புகைத்தாய் என்று
முதலில் கேட்காதவர் இதுவரை இருவர்தான்.
ஒரு நாளும் புகைத்ததில்லை.
கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து
அதன் எழுத்துகளைக் கூட்டிப் படித்தார்கள்;
ஓர் இடத்தில் எழுத்துப் பிழை.
அந்தப் பிழைக்கென்றே ஒரு மாத்திரை இருந்தது.
இருபத்தாறு மாதமாய் தினம் ஒன்று.
அப்பாவுக்கும் நுரையீரல்தான்.
எண்பத்தேழில் அவருடைய டாக்டர்
சன்னலைப் பார்த்தே பேசி முடித்தார்.
என் டாக்டர் திரையை என் பக்கம் திருப்புகிறார்.
கட்டி பாடம் கற்றுக்கொள்ளும், ஒரு நாள்
இந்த மாத்திரையை ஏமாற்றும், என்கிறார்.
அதற்கும் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்களாம்.
யார் முந்துவது என்பதுதான் கேள்வி.
எனக்குப் பழகிய கேள்வி. நான் ஓட்டுநர்.

மிக்கேலி தாண்டி, மூன்றே காலுக்கு,
நடுச்சாலையில் ஒரு எல்க் மான்.
பின்னால் கன்று, கால்களை
யாரிடமோ இரவல் வாங்கியது போல.
விளக்கைத் தணித்தேன். ஹாரன் அடிக்கவில்லை.
கன்று நின்றது, முகர்ந்தது, மறுபடி நின்றது.
ஒன்பது நிமிடம்.
இருக்கைக்குப் பின்னால் ஒன்பது நிமிடம் குறைந்தது.
கணக்கில் வராத தூசு அது, ஆர்மி சொல்வாள்.
நான் கணக்கில் வைத்தேன்.

குவோப்பியோ. இன்னும் இருட்டு. மைனஸ் பத்தொன்பது.
பெட்டியை ஒப்படைத்துவிட்டுத் திரும்பினால்
நடைவழி பெஞ்சில் கம்பளிக் காலுறையோடு ஒருவர்.
பெஞ்சின் அந்தக் கோடியில் அவர் மனைவி.
நடுவே ஒரு மீட்டர்.
ஊசி போட்ட பிறகு சில நாள் தள்ளியிருக்க வேண்டுமாம்;
இப்போதே ஒத்திகை பார்க்கிறார்கள்.
அந்த அம்மாள் கை மட்டும்
பெஞ்சுப் பலகையில் பாதித் தூரம் வந்திருந்தது.

சாலை எப்படி? என்றார் அவர்.
வழுக்கல், என்றேன்.
அவர்தானா என்று எனக்குத் தெரியாது.
கேட்கவும் கூடாது.

வண்டியில் உட்கார்ந்து
என் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன், ஆறிய தண்ணீரில்.
வியாழக்கிழமை எனக்கு ஸ்கேன்.
போன முறை கொண்டுவந்த ஈயக் குடுவையைக்
காலியாகத் திருப்பித் தந்திருந்தார்கள்.
தூக்கும்போது கை ஏமாந்தது.
நிறைந்த குடுவைக்கும் இதற்கும்
எடையில் ஒரு வித்தியாசமும் இல்லை.

திரும்பும் வழியில் ஹெய்னோலாவில் நின்றேன்.
இரண்டு காப்பி. ஒன்றுக்குமேல் ஒன்று.