ஆசிட் வாஷ்

ஆர்டர் தாளில் 'ஆசிட் ஜாஸ்' என்றிருந்ததை
கிட்டுசாமி அண்ணன் 'ஆசிட் வாஷ்' என்று படித்தார்.
தொண்ணூற்றேழு, மார்ச்.
பன்னிரண்டு சாம்பிள் பனியனும்
சாயப்பட்டறையிலிருந்து வெளிறித் திரும்பின.
டென்மார்க்கிலிருந்து ஃபேக்ஸ்:
பிரமாதம், இப்படியே ஆறாயிரம்.

நெஞ்சில் 'லோ டைட் செவன்'.
முதுகில் எட்டு ஊரும் எட்டுத் தேதியும்.
அது வாசிக்கிறவர்களின் பெயரென்று
பேக்கிங் டேபிளில் ஒருவருக்கும் தெரியாது.
கப்பல் கம்பெனியா இருக்குமுங், என்றாள் பழனாத்தாள்.

பெட்டி கட்டி முடித்த அன்று
இன்னொரு ஃபேக்ஸ்.
ஆல்பம் விற்கவில்லையாம்.
எட்டு ஊரும் ரத்து.

காதர்பேட்டையில் கிலோ கணக்கில் போட்டோம்.
அப்புறம் நாலைந்து வருஷம்
பல்லடம் ரோட்டில் லோடு ஏற்றியவர்,
காங்கயத்தில் கிணறு தூர் வாரியவர்,
ஒருமுறை பெருமாநல்லூர் குண்டத்துக் கூட்டத்தில்
தோளில் பிள்ளையோடு எனக்கு முன்னால் நின்றவர்,
இவர்கள் முதுகில்
நடக்காத எட்டுக் கச்சேரி
நடந்து போனது.

போன மாதம் கம்பெனியைக் காலி செய்கையில்
அந்த ஃபைலுக்குள் ஒரு சிடி.
பழுத்த செலோடேப்பை உரித்தெடுத்தேன்.
சிடி விழுங்கும் வாய்
என் பழைய காரில்தான் இருக்கிறது.

பொய் சொல்லக் கூடாது,
முதல் இரண்டும் ஓட்டல் லிஃப்ட்டில் கேட்பவைதான்.
மூன்றாவதில் பேஸ் கிதார்
ராத்திரி இரண்டரைக்கு ஓடும் நிட்டிங் மெஷின்.
ஒரு ஊசி உடைந்த மாதிரி
சுற்றுக்கு ஒரு தட்டு விட்டுப் போகிறது,
வேண்டுமென்றே.
சாக்ஸபோன் ஷிஃப்டுக்குத் தாமதமாக வந்தவனைப் போல
ஓசையில்லாமல் நுழைந்து
இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

ஏழாவது, ஸ்மூத் ஜாஸ்.
அந்தச் சொல்லை ஏளனமாகச் சொல்வார்களாம்
விஷயம் தெரிந்தவர்கள்.
துணியில் ஒரு பிசிறு இல்லாமல் வர
எத்தனை பேர் கண் பூத்துப் போகும் என்று
செக்கிங் டேபிளில் நின்று பார்த்ததில்லை அவர்கள்.

பழனாத்தாளை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடப் போனேன்.
வளர்மதி பாலத்தில் நெரிசல்,
கீழே நொய்யல் இன்றைக்கு என்ன நிறமோ.
கப்பல் கம்பெனி இல்லை, இதுதான், என்றேன்.
தலையைச் சாய்த்து முழுசாகக் கேட்டாள்.

"ஆர்டர் கேன்சல் ஆச்சே,
இவிங்களுக்குக் கூலி குடுத்தாங்களாமா?"

தெரியாது என்றேன்.
ஹாரன்கள்.

"அந்த ஊசி ஒடஞ்சது இருக்குதுல்லங்,
அதை மறுக்காப் போடுங்."